ஒரே கொத்தில் பிறந்த செம்பெருமீன்களில் சோடியம் ஏன் வேறுபடுகிறது?

கேட்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். வரும் ஜூன் மாதத் தொடக்கத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோர்களையும், பட்டணத்து விளக்குகளிலிருந்து சற்று விலகியிருக்கும் பழைய தோட்டத்துத் திடலுக்கு அழைத்துச் சென்று தெற்கு வானத்தைக் காட்ட ஏற்பாடு செய்து வருகிறோம். அந்த நாள்களில் இரவு பத்து மணியளவில் ஒமேகா சென்டாரி நம் ஊரில் தெற்கே ஏறத்தாழ 37 பாகை உயரத்தில் நிற்கும். விருச்சிகமும் தென்கிழக்கில் ஏறியிருக்கும். இவற்றை வைத்துக் கோள விண்மீன் கொத்துகளைப் பற்றி, அதாவது பெருந்திரளான மீன்கள் பந்துபோல் திரண்ட கூட்டங்களைப் பற்றி, அரை மணி நேரம் பேசவிருக்கிறேன்.

பேச்சுக் குறிப்பில் இப்படி ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: "ஒரு கோளக் கொத்திலுள்ள மீன்கள் அனைத்தும் ஒரே வாயு முகிலிலிருந்து ஒரே காலத்தில் பிறந்தவை, ஆகவே அவற்றின் வேதிச் சேர்மானம் ஒன்றே." மாணவியாக இருந்த காலத்தில் படித்து மனத்தில் நின்றுவிட்ட கருத்து அது. நேற்று, விருச்சிகத்திலுள்ள எம்4 என்ற கோளக் கொத்தின் செம்பெருமீன்கள், அதாவது முதுமையில் ஊதிச் சிவந்த விண்மீன்கள், பற்றிய ஒரு வரைபடத்தைப் பார்த்தேன். கிடை அச்சில் ஆக்ஸிஜன், நிலை அச்சில் சோடியம், நூற்றுக்கு மேற்பட்ட புள்ளிகள். சேர்மானம் ஒன்றே என்றால் அத்தனை புள்ளிகளும் அளவீட்டுப் பிழைக்கு உட்பட்டு ஓரிடத்தில் குவிந்திருக்க வேண்டும். அவையோ இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சரிந்து, நடுவில் சிறிது இடைவெளி விட்டு, இரண்டு திரள்களாக நிற்கின்றன. ஆக்ஸிஜன் குறைந்த மீனில் சோடியம் கூடியிருக்கிறது.

என் வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாமா, திருத்த வேண்டுமா? பிள்ளைகளுக்குச் சொல்வதில் பிழை இருக்கக் கூடாது என்பதால் கேட்கிறேன்.


ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் வாக்கியத்தை மாற்ற வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன். அந்த வரைபடம் செம்பெருமீன்களைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். அவை பிறந்த கோலத்தில் இருக்கும் மீன்கள் அல்ல. மையத்திலிருந்த ஹைட்ரஜன் தீர்ந்து, கருவைச் சுற்றிய ஓட்டில் எரிப்பு நடந்துகொண்டிருக்கும் முதிய மீன்கள். வெளிப்பகுதி பலமடங்கு ஊதி, உள்ளே ஆழம் வரை கொதித்துப் புரண்டுகொண்டிருக்கும். அப்படிப் புரளும்போது உள்ளே வெந்த பொருள் மேற்பரப்புக்கு வரும்.

இது ஊகம் மட்டுமன்று. கோளக் கொத்துகளில் ஒளி கூடக்கூடச் செம்பெருமீன்களில் கார்பன் குறைந்துகொண்டே போவது அளக்கப்பட்டிருக்கிறது. சூரியனில் கார்பன் 12-க்கும் கார்பன் 13-க்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 90. இந்த மீன்களிலோ அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடுகிறது. கார்பனும் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சுழன்று ஹைட்ரஜனை எரிக்கும் வினைச் சுழற்சியின் தடயம் அது. கார்பன் அப்படி மாறுமானால் சோடியமும் ஆக்ஸிஜனும் மாறுவதில் வியப்பில்லை. வெவ்வேறு மீன்கள் வெவ்வேறு அளவில் கலங்கியிருக்கும், அவ்வளவே. பிறப்பில் ஒன்று, வாழ்க்கையில் வேறு.


பால்மரத்தடி எழுதியது:

நான் இடைநிலைப்பள்ளியில் வேதியியல் கற்பிப்பவன். வானியலில் பயிற்சி இல்லை. விளக்கம் தேடுவதற்கு முன் அளவீட்டைப் பற்றி ஒரு கேள்வி. ஆய்வுக்கூடத்தில் ஒரு கரைசலில் சோடியம் எவ்வளவு என்று கண்டறியவே செறிவு தெரிந்த கரைசல்களோடு ஒப்பிட்டுத்தான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆறாயிரம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு மீனின் ஒளியில் ஒரு கறுப்புக் கோட்டின் ஆழத்தைப் பார்த்து, இதில் இரு மடங்கு சோடியம் இருக்கிறது என்று சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்? கோட்டின் ஆழம் வெப்பநிலையைப் பொறுத்தும் மாறுமல்லவா?


நிறமாலை எழுதியது:

இருவருக்கும் வணக்கம். நானும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். இப்போது வெளிநாட்டில் விண்மீன் நிறமாலைகளில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் பால்மரத்தடி ஐயா எழுப்பிய ஐயத்துக்கு விடை சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். அளவீடு உறுதிப்படாமல் அதன் மேல் எதையும் கட்ட முடியாது.

கோட்டின் ஆழம் வெப்பநிலையைப் பொறுத்தது என்பது முற்றிலும் உண்மை. ஒரு குறிப்பிட்ட வெப்பத்திலும் அழுத்தத்திலும் எத்தனை அணுக்கள் அயனியாகியிருக்கும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை மேக்நாத் சாஹா 1920-இல் தந்தார். அதைப் பயன்படுத்தித்தான் செசிலியா பெய்ன் 1925-இல், விண்மீன்களின் கோடுகள் வகைக்கு வகை வேறுபடுவதற்குப் பெரும்பாலும் வெப்பநிலையே காரணம் என்றும், மீன்கள் மிகுதியும் ஹைட்ரஜனால் ஆனவை என்றும் காட்டினார். ஆகவே இன்று யாரும் கோட்டை மட்டும் பார்த்து அளவு சொல்வதில்லை. மீனின் நிறத்திலிருந்தும் இரும்புக் கோடுகளிலிருந்தும் வெப்பநிலையைக் கண்டறிந்து, மேற்பரப்பு ஈர்ப்பையும் கணித்து, அப்படிப்பட்ட வளிமண்டலம் ஒன்றைக் கணினியில் கட்டி, எவ்வளவு சோடியம் இருந்தால் இந்த ஆழம் வரும் என்று பார்க்கிறார்கள். வெப்பநிலையில் 100 கெல்வின் தவறினால் இரும்பின் அளவில் ஏறத்தாழ கால் பங்கு தவறு நேரலாம்.

எல்லாக் கோடும் பயன்படாது என்பதையும் சொல்ல வேண்டும். தெருவிளக்கின் மஞ்சள் நிறத்தில் நாம் காணும் அதே சோடியத்தின் 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) கோடுகள் செம்பெருமீன்களில் மிக வலுவானவை. சோடியம் கூடினாலும் அவற்றின் ஆழம் பெரிதாகக் கூடாது. மீனுக்கும் நமக்கும் இடையே விண்வெளியிலுள்ள வாயுவும் அதே இடத்தில் தன் கோட்டைப் பதிக்கும். அதனால் 5682, 5688, 6154, 6160 ஆகிய மெல்லிய கோடுகளையே நம்புகிறார்கள். ஆக்ஸிஜன் நிலைமை இன்னும் கடினம். 6300 ஆங்ஸ்ட்ராமில் உள்ள ஒரு மெல்லிய கோடுதான் பெரும்பாலும் கைகொடுப்பது. அதே இடத்தில் நம் பூமியின் வளிமண்டலமும் ஒளிர்கிறது, பக்கத்திலேயே நம் காற்றின் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் தங்கள் கோடுகளையும் பதிக்கின்றன. இங்கே கொத்தின் ஓட்டமே உதவிக்கு வருகிறது. ஒமேகா சென்டாரி நம்மைவிட்டு வினாடிக்கு ஏறத்தாழ 232 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது; அதனால் அதன் ஆக்ஸிஜன் கோடு ஏறத்தாழ 5 ஆங்ஸ்ட்ராம் சிவப்புப் பக்கம் நகர்ந்து, பூமியின் ஒளிர்கோட்டிலிருந்து தெளிவாகப் பிரிந்து நிற்கும். எம்4 வினாடிக்கு 71 கிலோமீட்டர் வேகத்தில்தான் விலகுகிறது. நகர்வு ஒன்றரை ஆங்ஸ்ட்ராம் மட்டுமே. அங்கே பூமி ஆண்டின் எந்த நாளில் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் கணக்கில் கொண்டு நோக்கும் நாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஐயம் மிஞ்சினால், கணக்கே தேவைப்படாத ஒரு சான்று இருக்கிறது. ஒரே கொத்தில், ஒரே நிறமும் ஒரே ஒளியும் கொண்ட இரண்டு செம்பெருமீன்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே தொலைவில் இருப்பதால், ஒளி ஒன்றானால் உண்மைப் பிரகாசமும் ஒன்று. நிறம் ஒன்றானால் வெப்பநிலையும் ஒன்று. அவற்றின் நிறமாலைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் இரும்பு, கால்சியம், நிக்கல் கோடுகள் மயிரிழை பிசகாமல் பொருந்துகின்றன; சோடியக் கோடு மட்டும் ஒன்றில் ஆழமாகவும் மற்றொன்றில் பாதி ஆழமாகவும் நிற்கிறது. அதை முதன்முதலில் பார்த்த அன்று நான் நெடுநேரம் திரையை மூடவில்லை.


ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

தம்பி சொன்ன அந்த இரட்டை மீன் ஒப்பீடு எனக்கு நன்றாகப் புரிகிறது. ரப்பர்த் தோட்டத்துப் பால் கொட்டகையில் நான் இருபது ஆண்டுக்கு மேல் வெட்டுக்காரர்களின் பாலை நிறுத்தவன். இரண்டு பேர் கொண்டுவரும் வாளிகள் ஒரே எடை காட்டும். ஆனால் மழைக்காலத்துப் பாலில் நீர் அதிகம், கட்டிப்பால் குறைவு. அதனால் ஒவ்வொரு வாளியிலிருந்தும் ஒரு மங்கு மாதிரி எடுத்து, அமிலம் சேர்த்து உறைய வைத்து, உலர்த்தி நிறுத்த பிறகே கூலிக்கணக்கில் எழுதுவோம். வாளியின் எடை ஒன்றாக இருக்கும்போதுதான் மாதிரியின் வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றித் தெரியும்.

ஆகவே அளவீட்டை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் முதல் கருத்து அப்படியே நிற்கிறது. வேறுபாடு உண்டு, அது முதுமையில் வந்தது. இதற்கு என்ன மறுப்பு?


நிறமாலை எழுதியது:

ஐயா, உங்கள் கருத்து எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தத் துறையின் தலைசிறந்தவர்களே அதைப் பற்றி வாதிட்டிருக்கிறார்கள். 1971-இல் எம்5, எம்10 ஆகிய கொத்துகளில் சயனோஜன் பட்டை (கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறு நிறமாலையில் பதிக்கும் தடம்) வழக்கத்துக்கு மாறாக வலுத்த மீன்களை ஆஸ்பார்ன் கண்டார். 1978-இல் ஜூடித் கோஹன் எம்3, எம்13 கொத்துகளின் செம்பெருமீன்களில் சோடியம் வேறுபடுவதைக் காட்டினார். 1990-களில் கிராஃப்ட், ஸ்னீடன் ஆகியோரின் குழு கொத்து கொத்தாக அளந்து, சோடியம் ஏறும் இடத்தில் ஆக்ஸிஜன் இறங்குவதை உறுதிப்படுத்தியது. எம்13-இன் சில பெருமீன்களில் ஆக்ஸிஜன் மற்றவற்றைவிடப் பத்து மடங்குக்கும் மேல் குறைந்திருக்கிறது. அப்போதும் பலர் உங்களைப் போலவே, ஆழ்ந்த கலங்கலே காரணம் என்று எண்ணினார்கள்.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பொருள் எந்த வெப்பத்தில் வெந்தது என்பது ஒன்று. யாருடைய அடுப்பில் வெந்தது என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு விடை தெளிவு. கார்பன் நைட்ரஜனாக மாறும் சுழற்சி 2 கோடி கெல்வினுக்குக் குறைந்த வெப்பத்திலேயே நடக்கும். ஆக்ஸிஜனும் நைட்ரஜனாக மாற, நியானிலிருந்து சோடியம் பிறக்க, 4 கோடி கெல்வினுக்கு மேல் வேண்டும். மக்னீசியத்திலிருந்து அலுமினியம் பிறக்க 7 கோடி கெல்வின் அளவு வேண்டும். சில கொத்துகளில் அலுமினியம் கூடி மக்னீசியம் குறைந்திருப்பதையும் அளந்திருக்கிறார்கள். அதாவது ஹைட்ரஜன் மிகக் கடும் வெப்பத்தில் எரிந்த இடத்தின் சாம்பலைத்தான் நாம் பார்க்கிறோம். ஒப்புக்குச் சொன்னால், நம் சூரியனின் மையமே 1.5 கோடி கெல்வின்தான்.

இரண்டாவது கேள்விக்கு 2001-இல் விடை கிடைத்தது. கிராட்டனும் அவருடைய குழுவினரும் சிலியிலுள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு, என்ஜிசி 6752 கொத்தில் செம்பெருமீன்களை விட்டுவிட்டு, இன்னும் பெருமீனாக மாறாத மீன்களை அளந்தார்கள். முதன்மைத் தொடரை (மீன்கள் மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும் பருவத்தை) விட்டு இப்போதுதான் விலகத் தொடங்கியிருக்கும், ஒளி குன்றிய மீன்கள் அவை. அவற்றின் எடை சூரியனின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு. மையத்தில் சோடியம் பிறக்கும் வெப்பம் கிடையாது. மேற்பரப்பில் புரளும் அடுக்கும் மிக மெல்லியது, உள்ளிருந்து எதையும் அள்ளிவர அதனால் முடியாது. அந்த மீன்களிலும் அதே சரிவு தெரிந்தது: ஆக்ஸிஜன் குறைந்த மீனில் சோடியம் கூடியிருந்தது. அடுப்பே இல்லாத வீட்டில் வெந்த சோறு இருக்கிறது என்றால், அது வேறு வீட்டில் வெந்து வந்தது.

அப்படியானால் மற்றவர் வெளியேற்றிய பொருள் மேற்பரப்பில் மட்டும் பூச்சாகப் படிந்திருக்கலாமே என்று அடுத்துக் கேட்கலாம். அதற்குச் செம்பெருமீன்களே சாட்சி. பெருமீனாகும்போது புரளும் அடுக்கு உள்ளே இறங்கி, மீனின் எடையில் பெரும்பகுதியைக் கலக்கிவிடும். மேற்பூச்சாக இருந்திருந்தால் அந்தக் கலங்கலில் நீர்த்துப் போயிருக்கும். ஆனால் பெருமீன்களிலும் வேறுபாடு அதே அளவில் நிற்கிறது. ஆகவே அந்த மீன் முழுவதுமே, மேலிருந்து மையம் வரை, அந்தப் பொருளால்தான் பிறந்திருக்கிறது.


ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

இந்த இரண்டு காரணங்களையும் படித்தபின் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். பெருமீனாகாத மீன்களிலும் அதே சரிவு உண்டு என்பது எனக்குத் தெரியாத செய்தி. ஆனாலும் கார்பன் 13 பற்றி நான் சொன்னது பிழையா?


நிறமாலை எழுதியது:

பிழையன்று ஐயா. கார்பன் குறைவதும், கார்பன் 13-இன் பங்கு கூடுவதும், லித்தியம் அழிவதும் அந்தந்த மீன் தன் முதுமையில் தானே செய்துகொள்பவை. லித்தியம் மெல்லிய வெப்பத்திலேயே சிதைந்துவிடும். புரளும் அடுக்கு உள்ளே இறங்கியவுடன் மேற்பரப்பில் அதன் அளவு பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுகிறது. செம்பெருமீன் குறிப்பிட்ட ஒளியைத் தாண்டிய பிறகு இன்னொரு மெதுவான கலங்கலும் தொடங்குகிறது; அதற்குக் காரணம் என்ன என்பதற்கு ஷார்போனலும் ஸானும் 2007-இல் ஒரு நல்ல விளக்கம் தந்தார்கள். எரியும் ஓட்டுக்கு வெளியே ஹீலியம் 3 எரிவதால் அந்த அடுக்கு சற்றே இலேசாகி, மேலுள்ள கனமான பொருள் கீழே விரல் விரலாக இறங்கி, இலேசான பொருள் மேலே ஏறுகிறது என்பது அந்த விளக்கம்.

எனவே ஒரு செம்பெருமீனின் மேற்பரப்பில் இரண்டு கணக்குகள் எழுதப்பட்டிருக்கின்றன. கார்பன், லித்தியம், கார்பன் 13 ஆகியவற்றில் அதன் சொந்த வாழ்க்கை. சோடியம், ஆக்ஸிஜன், அலுமினியம், மக்னீசியம் ஆகியவற்றில் அதன் பிறப்பு. நைட்ரஜனில் இரண்டும் கலந்திருக்கும். அதனால்தான் பழைய சயனோஜன் அளவீடுகள் அத்தனை குழப்பம் தந்தன. ஒரு பால்மரத்தின் பட்டையில் வெட்டுக்காரரின் கத்தித் தடமும் இருக்கும், அது எந்த ஒட்டுக் கன்று என்பதும் இருக்கும். ஒன்றை மற்றொன்றாக வாசிக்கக் கூடாது.


லயத்துவீடு எழுதியது:

நான் ஆறாம் படிவ மாணவன். ஒரு சிறு ஐயம். சோடியமும் ஆக்ஸிஜனும் மாறும்போது இரும்பு மட்டும் ஏன் மாறவில்லை? இரும்பு மாறாததால்தான் "எல்லா மீன்களும் ஒன்றே" என்று பாடநூலில் எழுதினார்களா?


பால்மரத்தடி எழுதியது:

தம்பியின் கேள்விக்கு என் வேதியியல் அறிவுக்கு எட்டிய விடையைச் சொல்கிறேன். தவறிருந்தால் நிறமாலை திருத்தட்டும். ஹைட்ரஜன் எரிப்பில் இரும்பு பிறக்காது. அது சூப்பர்நோவா வெடிப்புகளில்தான் பிறக்கிறது. எனவே இரும்பு மாறாமல் சோடியம் மட்டும் மாறியிருக்கிறது என்றால், அந்தக் கொத்துக்குப் பொருள் தந்தது வெடித்துச் சிதறிய மீனன்று. மெதுவாகத் தன் வெளிப்பொருளை உதிர்த்த ஏதோ ஒன்று.


நிறமாலை எழுதியது:

மிகச் சரியாகச் சொன்னீர்கள் ஐயா. பெரும்பாலான கொத்துகளில் இரும்பின் அளவு மீனுக்கு மீன் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குக்கு மேல் வேறுபடுவதில்லை என்பதை 2009-இல் கரெட்டாவின் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட செம்பெருமீன்களை அளந்து காட்டியது. கொத்துக்குக் கொத்து வேண்டுமானால் பெரும் வேறுபாடு உண்டு. எம்4-இல் இரும்பு சூரியனில் உள்ளதில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு. எம்15-இல் இருநூறில் ஒரு பங்கு. 47 துகானேயில் ஐந்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு கொத்தும் தனக்கென ஓர் இரும்பு அளவை வைத்திருப்பதால் பாடநூல் அப்படி எழுதியது இயல்பே.

ஆனால் ஆசிரியை முதலில் காட்டவிருக்கும் ஒமேகா சென்டாரி இந்த விதிக்கு அடங்காதது. அதன் செம்பெருமீன்களில் இரும்பு சூரியனில் உள்ளதில் நூறில் ஒரு பங்கிலிருந்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வரை பரந்திருக்கிறது. சூப்பர்நோவா உமிழ்ந்த பொருளைத் தன் ஈர்ப்பால் பிடித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து மீண்டும் மீன்களைப் பிறப்பித்த அளவுக்கு அது ஒரு காலத்தில் பெரியதாக இருந்திருக்க வேண்டும். நம் பால்வீதி விழுங்கிய ஒரு சிறு அண்டத்தின் எஞ்சிய நடுப்பகுதி அது என்று பலரும் கருதுவது இதனால்தான். 2004-இல் ஹப்பிள் தொலைநோக்கி, நிறத்தையும் ஒளியையும் குறிக்கும் வரைபடத்தில் அதன் முதன்மைத் தொடரே நீலப் பக்கம் ஒன்று, சிவப்புப் பக்கம் ஒன்று என இரண்டாகப் பிளந்திருப்பதைக் காட்டியது. மறு ஆண்டு நிறமாலை எடுத்தபோது, நீலப் பக்கத்து மீன்களில் உலோகம் (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் அனைத்தும்) கூடியிருந்தது. வழக்கப்படி அவை சிவப்புப் பக்கம் இருந்திருக்க வேண்டும். அந்த மீன்களின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு ஹீலியம் என்று கொண்டாலொழிய அது பொருந்தவில்லை. மற்ற மீன்களில் ஹீலியம் கால் பங்குதான். ஹைட்ரஜன் எரிந்த சாம்பல் என்றால் ஹீலியமும் கூடியிருக்கத்தானே வேண்டும்? சோடியக் கதையும் ஹீலியக் கதையும் அங்கே வந்து சேர்கின்றன.


கேட்டை எழுதியது:

எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என் மாணவர்கள் உறுதியாகக் கேட்கப்போகும் கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. வேறு வீட்டு அடுப்பு என்றீர்களே, அது யாருடைய வீடு?


நிறமாலை எழுதியது:

இன்றுவரை முடிவாகாத கேள்வி அது. மாணவர்களிடம் அப்படியே சொல்லிவிடலாம். முன்வைக்கப்பட்டவற்றையும் அவை எங்கே இடறுகின்றன என்பதையும் சொல்கிறேன்.

சூரியனைப்போல் நான்கு முதல் எட்டு மடங்கு எடையுள்ள மீன்கள் தங்கள் இறுதிக் காலத்தில், புரளும் அடுக்கின் அடிப்பகுதியிலேயே ஹைட்ரஜனை எரித்து, அந்தப் பொருளை மெதுவான காற்றாக உதிர்க்கின்றன. வெப்பம் போதும், வேகம் குறைவு, கொத்து பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அவற்றில் ஆக்ஸிஜன் அழியும் நிலையில் சோடியமும் சேர்ந்து அழிகிறது. நாம் காண்பதோ நேர்மாறான சரிவு. பழைய வாயுவைச் சரியான அளவில் கலந்தால்தான் அது கிடைக்கும். அடுத்து, 2007-இல் டெக்ரெஸ்ஸானின் குழு முன்வைத்த, மிக வேகமாகச் சுழலும் பெரும் எடை மீன்கள். அவை சோடியம், ஆக்ஸிஜன் சரிவை இயல்பாகவே தருகின்றன. ஆனால் அவை சில பத்து இலட்சம் ஆண்டுகளில் வெடித்துவிடும். அந்த வெடிப்பின் இரும்பு கலக்காமல் புதிய மீன்கள் எப்படிப் பிறந்தன என்பது சிக்கல். 2009-இல் டி மிங்க் முன்வைத்த இரட்டை மீன்கள், ஒன்று மற்றொன்றுக்குப் பொருளை ஊற்றும்போது சிந்துவது. 2014-இல் டெனிசென்கோவும் ஹார்ட்விக்கும் சொன்னது, சூரியனைப்போல் பத்தாயிரம் மடங்கு எடையுள்ள ஒற்றைப் பேருரு மீன்; அலுமினியம், மக்னீசியத்துக்குத் தேவையான 7 கோடி கெல்வின் வெப்பம் அதில் அப்படியே பொருந்துகிறது. அப்படி ஒரு மீனை இதுவரை யாரும் பார்த்ததில்லை.


ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

இதில் இருப்புக் கணக்கையும் பார்க்க வேண்டும். தோட்டத்துக் கணக்கில் பழகியவன் என்பதால் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். சோடியம் கூடிய மீன்கள் கொத்தில் எத்தனை பங்கு?


நிறமாலை எழுதியது:

கொத்தைப் பொறுத்து மாறும் ஐயா. பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு. பெரிய கொத்துகளில் இன்னும் அதிகம். ஹப்பிள் தொலைநோக்கியால் புறஊதா ஒளியில் 57 கொத்துகளைப் படம்பிடித்து, 2017-இல் மிலோனேயின் குழு செய்த கணக்கெடுப்பும் அதையே காட்டியது.


ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

அப்படியானால் கணக்கு இடிக்கிறது. கொத்தின் இன்றைய எடை நூறு பங்கு என்று வையுங்கள். சோடியம் கூடியவை 65, பழையவை 35. பழைய தலைமுறை உதிர்க்கும் பொருள் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று தாராளமாகக் கொண்டாலும், 65 பங்கைச் செய்ய 650 பங்கு பழைய மீன்கள் இருந்திருக்க வேண்டும். இன்றிருப்பது 35. மீதி 615 எங்கே போயிற்று? பால் நிறுத்த இடத்தில் இப்படிக் கணக்கு வந்தால் நான் பேரேட்டில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.


நிறமாலை எழுதியது:

ஐயா, நீங்கள் ஐந்து வரியில் போட்ட கணக்குத்தான் இந்தத் துறையின் மிகப் பெரிய முட்டுக்கட்டை. எடைக் கணக்குச் சிக்கல் என்றே அதைக் குறிப்பிடுகிறார்கள். உதிர்ந்த பொருளோடு பழைய வாயுவைப் பாதிக்குப் பாதி கலந்தால் 650 என்பது 325 ஆகக் குறையும். அப்போதும் பழைய மீன்களில் பெரும்பாலானவை கொத்தைவிட்டு வெளியேறியிருக்க வேண்டும். அவை சுற்றுவட்டாரத்தில் இருக்கத்தானே வேண்டும்? ஃபோர்னாக்ஸ் என்ற சிறு அண்டத்தில் லார்சனும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் எண்ணிப் பார்த்தார்கள். அங்கே உலோகம் குறைந்த மீன்களில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு, கோளக் கொத்துகளுக்குள்ளேயே இருக்கிறது. அதாவது அங்கிருக்கும் வெளி மீன்கள் அனைத்துமே ஒரு காலத்தில் கொத்துகளிலிருந்து வந்தவை என்று கொண்டாலும், அந்தக் கொத்துகள் தொடக்கத்தில் இன்றைய எடையைப்போல் நான்கு, ஐந்து மடங்குக்கு மேல் இருந்திருக்க முடியாது. உங்கள் 650-க்கு அங்கே இடமில்லை.

நம் பால்வீதியிலும் தேடியிருக்கிறார்கள். 2010-இல் மார்ட்டெலும் கிரெபலும் கொத்துகளுக்கு வெளியே, பால்வீதியின் புறவட்டத்திலுள்ள செம்பெருமீன்களை ஆராய்ந்து, அவற்றில் நூற்றுக்கு இரண்டு மூன்று மீன்களில் கொத்துகளுக்கே உரிய நைட்ரஜன் முத்திரை இருப்பதைக் கண்டார்கள். கொத்தில் பிறந்து வெளியேறிய மீன்கள் அவை. தாய்க் கொத்தே சிதைந்து போயிருந்தாலும், எங்கே பிறந்தது என்பது மீனில் எழுதியிருக்கிறது.


லயத்துவீடு எழுதியது:

இது பழங்காலத்தில் மட்டும் நடந்ததா? இன்றைக்கும் அப்படிக் கொத்துகள் பிறக்கின்றனவா?


நிறமாலை எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. பால்வீதியின் கோளக் கொத்துகள் 1,100 கோடி முதல் 1,300 கோடி ஆண்டு வயதுடையவை. அதனால் அது பழங்காலத்துக்கே உரியது என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆனால் நம் பால்வீதிக்கு அருகிலுள்ள சிறு அண்டமான பெரிய மெகல்லன் முகிலில் என்ஜிசி 1978 என்றொரு கொத்து இருக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுதான். அதன் செம்பெருமீன்களிலும் நைட்ரஜன் வேறுபடுவது 2018-இல் தெரியவந்தது. நம் சூரியனைவிட இளைய கொத்து அது.


கேட்டை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. என் வாக்கியத்தை இப்படித் திருத்தியிருக்கிறேன்: "பெரும்பாலான கோளக் கொத்துகளில் மீன்களின் இரும்பு அளவு ஒன்றே, ஆனால் சோடியம், ஆக்ஸிஜன் போன்ற இலேசான தனிமங்களில் அவை பிறப்பிலேயே வேறுபடுகின்றன, அந்த வேறுபாட்டைத் தந்தது எது என்பது இன்னும் தேடப்படுகிறது." ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இது சற்று நீளம். எனினும் ஒரு சொல்லையும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒமேகா சென்டாரியை இரட்டைக்கண் நோக்கியில் காட்டிவிடலாம். எம்4-ஐக் காட்ட முடியுமா? அந்த இரண்டு திரள்களும் எந்த மீன்களுடையவையோ, அவற்றையே பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.


ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

முடியும். என்னிடம் எட்டு அங்குல எதிரொளிப்புத் தொலைநோக்கி இருக்கிறது, கொண்டுவருகிறேன். எம்4, உங்கள் பெயரிலுள்ள கேட்டை மீனுக்கு மேற்கே ஒன்றரைப் பாகைக்கும் குறைவான தொலைவில்தான் இருக்கிறது. சிவந்த கேட்டையைப் பிடித்தால் இதைத் தவறவிட முடியாது. அதன் பிரகாசமான மீன்கள் பதினோராம் ஒளித்தரம். நல்ல இருட்டில் என் தொலைநோக்கியில் பஞ்சுப் பொதி போன்ற ஒளிக்கு நடுவே, வடக்கு தெற்காக ஒரு மீன் வரிசை தனித்தனியாகப் பிரிந்து தெரியும். பிரிந்து தெரியும் அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை செம்பெருமீன்கள்தான்.

பத்து மணிக்கு மேல் திடலில் பனி இறங்கிக் கண்ணாடி மங்கிவிடும். அதற்குள் ஒமேகா சென்டாரியை முடித்துவிடுவோம். துடைக்கப் பருத்தித் துணி நான் எடுத்து வருகிறேன். பிள்ளைகள் ஏறி நின்று பார்க்க, பள்ளியிலிருந்து ஒரு சிறு முக்காலி மட்டும் கொண்டுவாருங்கள்.